ஈரல் நோயுள்ள கைக்குழந்தையின் பெற்றோருக்கு: முதல் நாளிலிருந்து உங்கள் மனதைப் பார்த்துக்கொள்வது எப்படி

உங்கள் குழந்தைக்கு ஈரலில் பெரிய பிரச்சினை இருக்கிறது என்று டாக்டர் சொல்லி சில நாட்கள்தான் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஈரலில் சுரக்கும் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் அடைபட்டுப்போகும் பிலியரி அட்ரீசியாவாக இருக்கலாம், ஈரலுக்குள் பித்தநாளங்கள் குறைவாக இருக்கும் அலஜில் சிண்ட்ரோமாக இருக்கலாம், பித்தம் ஈரலுக்குள்ளேயே தேங்கும் மரபணு நோய்களில் ஒன்றாக இருக்கலாம், இல்லை இன்னும் பெயரே வைக்காமல் டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் வீட்டுக்குள் பெற்றோருக்கு நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். குழந்தையின் ஈரலைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, உள்ளுக்குள் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்க அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் இந்தக் கட்டுரை உங்களைப் பற்றி. நானும் இப்படி ஒரு குழந்தையை வளர்த்த அம்மாதான், அந்த உரிமையில் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். கெட்ட செய்தி ஒரு நாளில் வந்து தாக்குகிறது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் பெற்றோரைக் கரைப்பது காவல் காப்பதுதான். கண்ணில் மஞ்சள் ஏறியிருக்கிறதா, மலம் வெளுத்திருக்கிறதா, வயிறு பெரிதாகியிருக்கிறதா, உடம்பு சுடுகிறதா என்று தூக்கத்திலும் விழிப்பிலும் பார்த்துக்கொண்டே இருப்பது. பார்க்கத்தான் வேண்டும், இந்த நோயில் பெற்றோரின் கண் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, யார் பார்ப்பது என்று ஒரு வரம்பு போட்டுக்கொள்ளாவிட்டால் அந்தக் காவலே உங்களைத் தின்றுவிடும்.

முதல் சில நாட்கள்

டாக்டர் அரை மணி நேரம் பேசியிருப்பார், வெளியே வந்ததும் ஒரு வரிகூட நினைவிருக்காது. அது அதிர்ச்சியில் மூளை செய்யும் வேலை, நீங்கள் அக்கறையில்லாமல் இருந்ததாக அர்த்தமில்லை. அடுத்த முறை போகும்போது கூட ஒருவரை அழைத்துப்போங்கள், ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், பேச்சை போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். நிறைய டாக்டர்கள் சரி என்றுதான் சொல்வார்கள்.

என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் இவற்றைக் கேளுங்கள். இப்போது உறுதியாகத் தெரிந்தது என்ன, இன்னும் தெரியாதது என்ன, அடுத்து நடக்கப்போவது எது, எந்த அறிகுறி வந்தால் ராத்திரியானாலும் ஓடி வர வேண்டும், அந்த ராத்திரியில் யாருக்கு போன் செய்ய வேண்டும். கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் கையில் இருந்தாலே பயத்தில் பாதி இறங்கிவிடும்.

பிலியரி அட்ரீசியா என்றால் இன்னொரு சிரமம் இருக்கிறது, உணரவே நேரம் கொடுக்க மாட்டார்கள். அடைபட்ட நாளங்களை எடுத்துவிட்டு ஈரலின் வாயிலோடு நேராகக் குடலை இணைக்கும் கசாய் ஆபரேஷன், குழந்தை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் கூடுதல் என்பதால் செய்தி சொன்ன வாரமே தேதி குறித்துவிடுவார்கள். கையெழுத்துப் போடுவது, ரத்தம் ஏற்பாடு செய்வது, லீவு சொல்வது என்று ஓடும்போது அழுகையே வராது. குழந்தை வீட்டுக்கு வந்து எல்லாம் அடங்கின பிறகு, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரும். அப்போது வந்தால் வரட்டும். தாமதமாக வரும் அழுகை இந்த நோயில் ரொம்ப சகஜம்.

நடுராத்திரியில் கூகுளில் தேடுவீர்கள், தேடாதீர்கள் என்று சொன்னால் கேட்கவும் மாட்டீர்கள். சரி, தேடுங்கள், ஆனால் படிக்கிற பக்கம் எந்த வருடத்தில் எழுதியது என்று முதலில் பாருங்கள். பிலியரி அட்ரீசியாவின் கதையே சில பத்தாண்டுகளில் தலைகீழாக மாறியிருக்கிறது. ஜப்பானில் மோரியோ கசாய் தன் ஆபரேஷனைக் கொண்டுவந்தது 1950-களில்தான், அதற்கு முன்னால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டவில்லை. தாமஸ் ஸ்டார்ஸல் 1963-ல் மனிதருக்கு முதன்முதலாக ஈரல் மாற்றிப் பார்த்ததும் இதே நோயுள்ள ஒரு குழந்தைக்குத்தான், அது பலிக்கவில்லை, 1967-ல்தான் வெற்றி கிடைத்தது. உயிரோடிருக்கும் தாய் ஈரலில் ஒரு பகுதியைத் தன் மகனுக்குக் கொடுத்து அது பலித்தது 1989-ல், பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங்கின் கையில். இன்று கசாயும் மாற்று ஈரலும் ஒழுங்காகக் கிடைக்கும் இடங்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது குழந்தைகள் பிழைத்து வளர்கிறார்கள். பழைய பக்கங்களில் இருக்கும் பயங்கரமான எண்கள் பழைய குழந்தைகளின் எண்கள்.

குற்ற உணர்ச்சியை முதல் மாதத்திலேயே பேசி முடியுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் வேர்விட்டுவிடும். அம்மா கர்ப்ப காலத்தில் போட்ட மாத்திரை, வந்த காய்ச்சல், தூக்கின பாரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். அப்பா வெளியே சொல்ல மாட்டார், தன் பக்கத்துச் சொந்தத்தில் யாருக்கு என்ன இருந்தது என்று உள்ளுக்குள் துழாவிக்கொண்டிருப்பார். பெரியவர்கள் யாராவது "உங்க பக்கத்துல யாருக்காவது இருந்ததா" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால் போதும், வீடே இரண்டாகிவிடும்.

பிலியரி அட்ரீசியாவுக்குத் தாய் சாப்பிட்டதோ செய்ததோ காரணம் என்று இதுவரை யாரும் காட்டவில்லை. உருவத்தில் ஒன்றாக இருக்கும் இரட்டைக் குழந்தைகளிலேயே பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் வருகிறது, ஒரே கருப்பை, ஒரே மரபணு, ஒரே சாப்பாடு. அலஜில் சிண்ட்ரோமில் பாதிக்கு மேல் குழந்தைகளிடம் மரபணு மாற்றம் புதிதாகவே தோன்றியிருக்கும், அம்மாவிடமும் இருக்காது, அப்பாவிடமும் இருக்காது. பித்தம் தேங்கும் மரபணு நோய்கள் பலவற்றில் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய், அதைச் சுமக்கிறவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தெரியாமல் சுமந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? அடுத்த குழந்தையைப் பற்றிய கேள்வி இருந்தால் மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள், சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள்.

இன்னொரு குற்ற உணர்ச்சி, தாமதத்தைப் பற்றியது. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாகத்தான் இருக்கும், தானே போய்விடும். அதனால் உங்கள் குழந்தைக்கும் "வெயிலில் காட்டுங்கள், சரியாகிவிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், நீங்களும் நம்பிக் காட்டியிருப்பீர்கள், வாரங்கள் போயிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நின்றால் ரத்தத்தில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினில் எந்த வகை கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற விதி எழுத்தில் இருக்கிறது, ஆனால் அது புதுப் பெற்றோருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே பல சமயம் தவறிப்போகிறது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் மலம் வெளுத்துப்போகும், தைவான் இதற்காகவே மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு வண்ண அட்டையை 2004-லிருந்து நாடு முழுக்கப் பெற்றோருக்குக் கொடுக்கிறது. ஒரு நாடே அட்டை அச்சடித்துக் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் நீங்கள் தனியாகக் கண்டுபிடிக்காதது குற்றமே இல்லை.

இதில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "நாங்கள் செய்த ஏதாவது இதற்குக் காரணமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை இருவரும் ஒரே நேரத்தில் காதால் கேட்க வேண்டும். முடிந்தால் வீட்டில் வார்த்தை விட்ட அந்தப் பெரியவரையும் அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் வாயிலிருந்து வந்தால் அடங்கிவிடும்.

காவலுக்கு வரம்பு போடுங்கள்

ஒவ்வொரு முறை தொட்டிலைக் கடக்கும்போதும் குழந்தையின் கண்ணைப் பார்ப்பீர்கள். டியூப் லைட்டில் ஒரு மஞ்சள் தெரியும், வாசலில் இன்னொரு மஞ்சள் தெரியும், போனில் எடுத்த போட்டோவில் மூன்றாவது ஒன்று தெரியும், நேற்றைய போட்டோவையும் இன்றைய போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் கடைசியில் உங்கள் கண்ணையே நம்ப முடியாமல் போகும். இதை நிறுத்துங்கள். காலையில் ஒரு முறை, ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் குழந்தையை மடியில் போட்டு, கீழிமையை விரல் நுனியால் லேசாக இறக்கி வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். டயப்பரையும் அதே ஜன்னலில், வண்ண அட்டை இருந்தால் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோட்டில் ஒரு வரி எழுதுங்கள், நோட்டை மூடுங்கள். அன்றைக்கு நிறம் பார்க்கும் வேலை முடிந்தது. மறுபடி கை போகும், போகும்போது "காலையில் பார்த்தாச்சு" என்று வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள், அது வேலை செய்கிறது.

அப்புறம் ஒரு தாளில், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகளை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் டாக்டரிடம் காட்டி அவர் சொன்னபடி திருத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதில் இவை இருக்கும்: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் (கசாய் ஆன குழந்தைக்கு இது பித்தநாளத்தில் கிருமித் தொற்றாக இருக்கலாம், மறுநாள் வரை பார்க்கலாம் என்பதே கிடையாது), நிறம் வந்திருந்த மலம் மறுபடி வெளுப்பது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், திடீரென்று வயிறு உப்புவது, நிற்காத ரத்தக் கசிவு, எழுப்பினாலும் சரியாக எழாத அயர்ச்சி. தாளில் இருப்பது நடந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள், மற்றதைக் காலையில் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு "இது பெரிய விஷயமா, சின்ன விஷயமா" என்று நீங்களே தீர்ப்பு சொல்ல வேண்டிய நிலைதான் ஆளைக் கொல்கிறது, அந்தத் தீர்ப்பைப் பகலில், டாக்டரோடு சேர்ந்து, முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். சூடு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பதையும் விட்டுவிடுங்கள், சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டர் வையுங்கள்.

தினமும் எடை போட வேண்டாம். ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தாலோ வயிற்றில் நீர் சேர்ந்திருந்தாலோ எடை கூடினது போலக் காட்டும், குழந்தை மெலிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஈரல் டாக்டர்கள் மேல்கையின் சுற்றளவையும் டேப் வைத்து அளக்கிறார்கள். ஏமாற்றக்கூடிய ஒரு எண்ணைத் தினம் காலையில் பார்த்து அதன்படி சந்தோஷமோ துக்கமோ படுவதில் எந்த நன்மையும் இல்லை. அளப்பதை செக்கப் நாளுக்கு விடுங்கள்.

பிலிருபின் எண்ணுக்கு வருகிறேன். இதுதான் வீட்டின் வானிலையையே முடிவு செய்துவிடும். கசாய்க்குப் பிறகு சுமார் மூன்று மாதத்துக்குள் மொத்த பிலிருபின் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குகிறதா என்பதை டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பார்கள், அதுவரை அது ஏறி இறங்கி மெதுவாகத்தான் நகரும். ரிப்போர்ட் வரும் நாளுக்கு முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளுங்கள். யார் போனில் வரும், யார் முதலில் திறப்பது, எப்போது மற்றவரிடம் சொல்வது. வழக்கமான ரிப்போர்ட் படுக்கப் போகும் நேரத்தில் வந்தால் காலையில் திறக்கலாம், அவசரமென்றால் ஆஸ்பத்திரியே கூப்பிடும் என்று முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டால் இது முடியும். எண் ஏறியிருந்தால் "இந்த ஒரு எண்ணை வைத்து ஏதாவது முடிவு மாறுகிறதா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பல தடவை "இல்லை, அடுத்ததைப் பார்ப்போம்" என்பதுதான் பதிலாக இருக்கும்.

பால் கொடுக்கும் நேரம்

நிறைய அம்மாக்கள் உடைவது இங்கேதான், ஆனால் ஆபரேஷன் பற்றிப் பேசுகிற அளவு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பித்தம் குடலுக்கு வராததால் கொழுப்பு உடம்பில் சேராது, ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சேராது. இந்தக் குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி அளவுக்குக் கூடுதல் சக்தி தேவைப்படும், ஆனால் வீங்கின வயிறு இரைப்பையை நெருக்குவதால் பசியே எடுக்காது. அதிகம் குடிக்க வேண்டிய குழந்தை குறைவாகக் குடிக்கிறது. ஒவ்வொரு வேளையும் போராட்டமாகி, குடிக்காத ஒவ்வொரு மில்லியும் உங்கள் கணக்கில் தோல்வியாக ஏறும்.

அது உங்கள் பாலின் குறையும் இல்லை, உங்கள் பொறுமையின் குறையும் இல்லை. பித்தம் இல்லாமலே சேரக்கூடிய எம்சிடி கொழுப்புள்ள பால் மாவைத் தருவது அதற்காகத்தான், தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று சொன்னால் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும், குழந்தையின் முகமே மாறிப்போன மாதிரி இருக்கும், அந்தத் துக்கம் நியாயமானது. ஆனால் குழாய் வந்த பிறகு பால் நேரத்திலிருந்து போராட்டம் போய்விடும், வாயால் குடிப்பதை விளையாட்டாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கலாம், மீதியைக் குழாய் பார்த்துக்கொள்ளும். குழாயை ஒட்டும் பிளாஸ்டர் கன்னத்தைப் புண்ணாக்கினால் அதைக்கூட நர்ஸிடம் சொல்லுங்கள், கீழே தோலைக் காக்கும் ஒரு பட்டை ஒட்டித் தருவார்கள்.

சமாதானமே ஆகாமல் அழும் குழந்தைக்கு அரிப்பாகவும் இருக்கலாம். பித்தம் தேங்கினால் தோலெல்லாம் அரிக்கும், கைக்குழந்தைக்குச் சரியாகச் சொறிந்துகொள்ளவும் தெரியாது, காதையும் கண்ணையும் தேய்க்கும், தூங்காது, எரிச்சலாக இருக்கும். எவ்வளவு தட்டிக்கொடுத்தும் அடங்கவில்லையே, நான் என்ன அம்மா என்று நினைக்காதீர்கள். அரிப்புக்கு மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் அதைத் தனிப் புகாராகவே சொல்லுங்கள்.

ஒரு நாளில் ஒரு தடவையாவது எந்த வேலையும் இல்லாமல் குழந்தையைத் தூக்குங்கள். மருந்து கொடுக்க இல்லை, டயப்பர் பார்க்க இல்லை, கண்ணைச் சோதிக்க இல்லை. பத்து நிமிடம் நெஞ்சில் போட்டுக்கொண்டு சும்மா இருங்கள். உங்கள் கை வந்தால் கசப்பு மருந்து வரும், ஊசி வரும் என்றே குழந்தை பழகியிருக்கும் நாட்களில் இது இருவருக்குமே தேவை.

தூக்கம், கணவன் மனைவி

தூக்கத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ராத்திரி முதல் பாதி, இன்னொருவர் பின்பாதி, பொறுப்பில் இல்லாதவர் வேறு அறையில், கதவை மூடி, நாலைந்து மணி நேரமாவது விடாமல் தூங்க வேண்டும். இருவரும் சேர்ந்து விழித்திருந்தால் காலையில் மருந்து அளக்கும் கை இரண்டுமே நடுங்கும். ஐசியூவில் குழந்தை இருக்கும்போது வீட்டுக்குப் போய்த் தூங்குவது துரோகம் மாதிரித் தோன்றும். போய்த் தூங்குங்கள், அங்கே விழித்திருக்க நர்ஸ் இருக்கிறார். வீட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் போன் செய்து கேட்கலாமா என்று மட்டும் கிளம்பும்போது கேட்டுவிட்டுப் போங்கள். தனியாக வளர்க்கிறவர் என்றால் இந்தப் பின்பாதி ஆள் யார் என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள், அம்மாவோ அக்காவோ தோழியோ, வாய்விட்டுக் கேட்டால்தான் வருவார்கள்.

ஒருவர் அழுவார், இன்னொருவர் பணத்தைக் கணக்குப் போடுவார். அழுகிறவருக்கு மற்றவர் கல்நெஞ்சாகத் தெரிவார், கணக்குப் போடுகிறவருக்கு மற்றவர் நொறுங்கிவிட்டதாகத் தெரியும். இருவரும் ஒரே பயத்தில்தான் இருக்கிறார்கள். யார் அதிகம் கஷ்டப்படுகிறார் என்று அளக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை. மாறாக, "இன்றைக்கு உனக்கு எது ரொம்ப பயமாக இருந்தது?" என்று ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்டு, பதிலைத் திருத்தாமல், ஆறுதல்கூடச் சொல்லாமல் கேட்டுப் பாருங்கள். பெரிய சண்டைகள் பல இதில் நின்றுபோகும்.

சொந்தம், நட்பு, மூத்த பிள்ளை

எல்லோருக்கும் நீங்களே நிலவரம் சொல்லாதீர்கள். ஒரே கதையை ஒரு நாளில் பத்துப் பேருக்குச் சொல்வது பத்து முறை ஆபரேஷன் அறை வாசலில் நிற்பதற்குச் சமம். நம்பகமான ஒருவரைப் பேச்சாளராக்கி, வாட்ஸ்அப்பில் அவர் மட்டும் எழுதட்டும். உதவட்டுமா என்று கேட்பவர்களுக்கு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, துணி துவைப்பது என்று.

யாராவது ஈரலுக்கு நல்லது என்று ஒரு வேரோ பொடியோ கொண்டுவருவார்கள். அன்போடுதான் தருவார்கள், ஆனால் ஏற்கெனவே தத்தளிக்கும் ஈரலுக்கு அது விஷமாகலாம். விவாதம் செய்ய வேண்டாம், "தன்னைக் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது என்று ஈரல் டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்ற ஒரே வரியை எல்லோருக்கும் சொல்லுங்கள்.

மூத்த பிள்ளையிடம் உண்மையைச் சின்ன வார்த்தைகளில் சொல்லுங்கள். தம்பியின் வயிற்றுக்குள் ஈரல் என்ற உறுப்பு சரியாக வேலை செய்யவில்லை, டாக்டர்கள் பார்க்கிறார்கள், உனக்கு ஒட்டிக்கொள்ளாது, நீ செய்த எதனாலும் வரவில்லை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பாப்பா வேண்டாம் என்று என்றைக்கோ நினைத்த பிள்ளைகள் தங்களால்தான் இப்படி ஆனது என்று நம்பிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பார்கள்.

மாற்று ஈரல் என்ற பேச்சு வரும்போது

கசாய் பலித்த குழந்தைகளிலும் பலருக்கு வளரும் வயதில் எப்போதாவது மாற்று ஈரல் தேவைப்படும். அந்தப் பேச்சு வந்தால் முதல் ஆபரேஷன் வீணானது என்றோ நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கைக்குழந்தைக்குப் பெரியவரின் ஈரலில் இடப்பக்கத்து ஓரப் பகுதி போதும், மொத்தத்தில் சுமார் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவு. கொடுத்தவரின் ஈரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். ஆனாலும் அது ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்யும் பெரிய ஆபரேஷன், உயிராபத்து மிகக் குறைவு என்றாலும் பூஜ்யம் இல்லை. கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்து, வேறு யாரும் இல்லாமல், உண்மையில் விருப்பம்தானா என்று கேட்பது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம். அந்த அறையில் தயக்கத்தைச் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், காரணத்தைக் குடும்பத்திடம் சொல்ல மாட்டார்கள். பயம் இருப்பதால் பாசம் குறைந்துவிடவில்லை. கொடுக்க ஆசைப்பட்டு, ரத்த வகை சேராமலோ ஈரலில் கொழுப்பு இருந்தோ தள்ளப்பட்டவருக்கும் ஒரு துக்கம் உண்டு, வீட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை. அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆபரேஷன் நாளில் ஒருவர் குழந்தையோடு ஒரே நேரத்தில் மேஜையில் இருப்பார், எழுந்த பிறகும் சில நாள் குழந்தையைப் பார்க்க முடியாமல் வேறு வார்டில் படுத்திருப்பார். மற்றவர் இரண்டு வார்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார். இங்கே மூன்றாவது ஆள் கட்டாயம் வேண்டும். படுத்திருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ குழந்தையின் வீடியோவைக் காலையிலும் மாலையிலும் காட்டுவதை ஒருவரின் வேலையாகவே வைத்துவிடுங்கள்.

இறந்தவர் ஈரலுக்காகக் காத்திருப்பவர்கள் என்றால், போன் எப்போது அடிக்கும் என்ற பதற்றத்தோடு இன்னொரு நினைப்பும் வரும், வேறொரு வீட்டில் சாவு விழுந்தால்தான் நமக்கு ஈரல் வரும் என்று. உங்கள் வேண்டுதல் யாருடைய சாவையும் கொண்டுவருவதில்லை. சாவு வந்த வீட்டார் அந்த நேரத்திலும் கொடுக்க முன்வந்தால்தான் உங்கள் முறை வருகிறது.

உங்களுக்கே உதவி தேவை என்று எப்போது தெரிந்துகொள்வது

பிரசவமாகி சில வாரங்களே ஆன உடம்பு இந்தச் செய்தியைத் தாங்குகிறது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு எந்த நோயும் இல்லாத வீடுகளிலேயே பத்து அம்மாக்களில் ஒருவருக்காவது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வருகிறது, அப்பாக்களுக்கும் வருகிறது. இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-லிருந்து பயன்பாட்டில் இருக்கும் எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, பத்தே கேள்விகள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தையின் செக்கப்புக்குப் போகும்போது உங்களுக்கு அதைத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, ஐசியூவின் பீப் சத்தம் போன்ற ஒரு ஒலியை எங்கே கேட்டாலும் உடம்பு அதிர்வது, அந்தக் காட்சிகள் கூப்பிடாமலே திரும்பத் திரும்ப வருவது, ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியாகவே போக முடியாதது, குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாமல் மரத்துப்போவது. கடைசியாகச் சொன்னதைப் பெற்றோர் வெளியே சொல்லவே மாட்டார்கள். இழந்துவிடுவோமோ என்று பயந்து மனம் தானாகத் தள்ளி நிற்பது அது, சிகிச்சையில் சரியாகிறது. வார்டில் மனநல ஆலோசகரோ சமூகப் பணியாளரோ இருந்தால் அவரிடம் தொடங்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் சொந்த டாக்டரிடம். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன, அதற்கு பயந்து போகாமல் இருக்காதீர்கள்.

நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றோ, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றோ ஒரு நினைப்பு வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல் வந்த குழந்தையை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவீர்களோ, இதற்கும் அதே வேகம் வேண்டும். சுவரில் ஒட்டின தாளில் இதையும் ஒரு வரியாக எழுதி வையுங்கள், கணவன் மனைவி இருவருக்கும் தெரியட்டும்.

நிலைமை மோசமானால்

எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. வலி தணிப்புக் குழுவை டாக்டர் அழைத்தால் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மாற்று ஈரலுக்குக் காத்திருக்கும் குழந்தைகளுக்கும் அரிப்பு, வலி, தூக்கம் என்று அந்தக் குழு வேலை செய்யும். சிகிச்சை பலிக்காத கட்டம் வந்தால் உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கச் சொல்லுங்கள்: எங்கே இருக்க வேண்டும், யார் கையில் இருக்க வேண்டும், எந்தக் குழாயை எடுத்துவிடலாம். இவற்றில் உங்களுக்குச் சொல் உண்டு.

எல்லாம் நன்றாக நடந்த பிறகு

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கண் வெளுத்திருக்கும், குழந்தை சிரிக்கும், எல்லோரும் வாழ்த்துவார்கள், அப்போதுதான் நீங்கள் விழுவீர்கள். மாதக்கணக்கில் பிடித்து நிறுத்தினதெல்லாம் பாதுகாப்பான இடம் வந்ததும் இறங்குகிறது. நன்றி கெட்டதனமாகத் தோன்றும், அப்படி இல்லை.

மாற்று ஈரல் வந்த பிறகும் காவல் தொடரும், புது ஈரலை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்து தினமும் நேரம் தவறாமல், ரத்தத்தில் அதன் அளவு, கிருமித் தொற்று பயம் என்று. ஆரம்ப மாதங்களில் செக்கப் அடிக்கடி இருக்கும், போகப்போக இடைவெளி கூடும். அந்த இடைவெளி கூடுவதே முதலில் பயமாக இருக்கும், யாரும் பார்க்கவில்லையே என்று. அப்போது பழைய முறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: எதைப் பார்ப்பது, எப்போது, யார். மருந்து கொடுக்கத் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவரைத் தயார் செய்யுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து அவர் கொடுக்கட்டும், அப்புறம் நீங்கள் அடுத்த அறையில் இருக்கும்போது கொடுக்கட்டும், அப்புறம் ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் தாளில் குழந்தையின் அடுத்த செக்கப் தேதியைக் குறிக்கும்போதே உங்களுக்கு ஆலோசகரைப் பார்க்க ஒரு தேதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அன்றைக்கு நன்றாகத்தான் இருப்பீர்கள், ஆனாலும் வாங்குங்கள்.